செத்த யானைக்கும் டிக்கெட்

லண்டன் மேயர் ஒருவர், ஒயின் கோப்பையின் மூடியைக் கொஞ்சம் வேகமாக மூடியதால் செத்துப்போனார். சிரிக்காதீர்கள். நடந்த கதை.

1688-ம் வருஷம். மேயரின் பெயர் சர் ஜான் ஷார்ட்டர். நகரத்தின் வருடாந்திரச் சந்தையைத் தொடங்கிவைக்கக் குதிரைமேல் ஊர்வலமாகப் போய்க்கொண்டிருக்கிறார். வழியில் நியூகேட் சிறைச்சாலை. அதன் வாசலில் மேயர் நிற்க வேண்டும். ஜெயிலர் ஓடி வந்து, சர்க்கரையும் ஜாதிக்காயும் கலந்த ஒயினை மூடி போட்ட பெரிய கோப்பையில் நீட்ட வேண்டும். மேயர் குதிரையில் இருந்தபடியே குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அப்படி ஒரு சம்பிரதாயம். ஷார்ட்டர் குடித்தார். மூடியைப் படாரென்று மூடினார். குதிரை மிரண்டது. மேயர் கீழே. சில நாளில் ஆள் காலி.

சந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகும் நூற்று அறுபது வருஷத்துக்குமேல் திடகாத்திரமாகவோ, இழுத்துக்கொண்டோ உயிரோடு இருந்தது. பிளேக் வந்த வருஷங்களில் மூடினார்கள். பிளேக் போனதும் திறந்தார்கள். ராஜா தலையை வெட்டினார்கள், மறுபடி ராஜாவைக் கூட்டி வந்தார்கள், ஊரே தீப்பிடித்து எரிந்தது. சந்தை அசையவில்லை.

கடைசியில் அதைக் கொன்றது வாடகை.

ஊருக்கு நடுவே, மக்கள் நெருக்கியடித்து வாழ்கிற இடத்தில் சந்தை போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பஸ்ஸைத் திருப்பிவிடுவார்கள். உங்கள் வீட்டு வாசலில் யாரோ பஜ்ஜிக் கடை போட்டிருப்பார். ராத்திரி இரண்டு மணிவரை மைக் செட். மறுநாள் காலையில் ஒரு லாரி குப்பை. இன்னொரு பக்கம், உங்கள் பிள்ளை ராட்டினத்திலிருந்து இறங்க மாட்டேன் என்று அழுதிருக்கும். நீங்களும் மனசுக்குள் அதே கட்சிதான்.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் பேப்பரில் நடுக்கோடு போட்டு, பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் எழுதிப் பார்க்கிற வியாதி உண்டு. இந்த மாதிரிச் சந்தைகளுக்குப் பற்றுப் பக்கம் தானாக நிரம்பிவிடும். போலீஸுக்கு இவ்வளவு, துப்புரவுக்கு இவ்வளவு, காணாமல்போன பர்ஸ் இத்தனை. வரவுப் பக்கத்தில்தான் பேனா நிற்கும். பிள்ளையின் சிரிப்புக்கு என்ன ரேட் போடுவது? இந்தக் கணக்கை எழுநூறு வருஷத்துக்குமேல் போட்டுப் பார்த்த ஊர் லண்டன். அதனால் அங்கே போவோம்.

ராஹேர் என்று ஒருவர். இங்கிலாந்தின் முதலாம் ஹென்றி ராஜாவின் அரண்மனையில் வளைய வந்தவர். விதூஷகன் என்றும் சொல்கிறார்கள். ரோமுக்கு யாத்திரை போன இடத்தில் விஷக் காய்ச்சல் மாதிரி ஏதோ வந்து படுத்துவிட்டார். பிழைத்து ஊர் திரும்பினால் ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டார். பிழைத்தார். பார்த்தலோமியு என்கிற புனிதர் கனவில் வந்து, இடத்தையும் அவரே காட்டினாராம். லண்டன் மதில் சுவருக்கு வெளியே, ஸ்மித்ஃபீல்டு என்கிற மேய்ச்சல் வெளி. 1123-ல் அங்கே மடம் ஒன்றும் ஆஸ்பத்திரி ஒன்றும் எழுந்தன. அந்த ஆஸ்பத்திரி இன்றைக்கும் அதே இடத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வேண்டுதல் சரி, மாதாமாதம் செலவுக்கு? 1133-ல் ராஜா ஒரு சாசனம் எழுதிக் கொடுத்தார். ஆகஸ்ட் 24, புனிதர் பார்த்தலோமியுவின் பண்டிகை. அதற்கு முந்தின நாள், அன்றைக்கு, மறுநாள் என மூன்று நாள் சந்தை கூட்டிக்கொள்ளலாம். வருகிற வியாபாரிகளிடம் இட வாடகையும் சுங்கமும் மடம் வசூலித்துக்கொள்ளலாம்.

ஆக, அந்தச் சந்தை பிறந்ததே ஒரு தர்ம ஸ்தாபனத்தின் வருமானத்துக்காக. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன விற்றார்கள்? துணி. ராத்திரிகளில் பூட்டிவைக்க வசதியாக மடத்தின் மதிலுக்குள்ளேயே துணிக் கடைகள். வெளியே ஆடு, மாடு, குதிரை, தோல், தகரம். இன்றைக்கும் அந்த இடத்தில் 'க்ளாத் ஃபேர்' என்றே ஒரு சந்து இருக்கிறது. லண்டனுக்குள் அந்தக் காலத்தில் வெளியூர்க்காரன் நினைத்த இடத்தில் கடை விரித்துவிட முடியாது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம், சங்கம் வைத்ததுதான் சட்டம். சந்தை நாள்களில் அந்தப் பிடி தளரும். எங்கிருந்தோ வந்தவனும் விற்கலாம், விலையைக் குறைத்தும் விற்கலாம். வாங்குகிறவனுக்கு வருஷத்தில் மூன்று நாள் கொண்டாட்டம்.

ஏமாற்று? அதற்கும் வழி செய்திருந்தார்கள். மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் என்கிற தையற்காரர் சங்கத்து ஆள்கள், வெள்ளியில் செய்த கஜக்கோல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போவார்கள். கடைக்காரன் அளக்கிற கோலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அரை விரல் குறைந்தாலும் தொலைந்தான்.

தகராறு வந்தால் விசாரிக்கச் சந்தைக்கென்றே ஒரு கோர்ட். அதன் பெயர்தான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 'பை-பவுடர்' கோர்ட். பிரெஞ்சில் 'தூசி படிந்த கால்கள்' என்று அர்த்தம். ஊர் ஊராக நடக்கிற நாடோடி வியாபாரியின் கால் எப்படியிருக்கும்? அவனுக்கான கோர்ட். சந்தை முடிந்தால் அவன் பாட்டுக்குப் போய்விடுவான். நம் ஊர் கோர்ட் மாதிரி வாய்தா கொடுத்துக்கொண்டிருந்தால் நடக்குமா? அன்றைக்கே வழக்கு, அன்றைக்கோ மறுநாளோ தீர்ப்பு. தீர்ப்பு சொல்ல உட்காருகிறவர்களும் வியாபாரம் தெரிந்தவர்கள். பிற்காலத்தில் இந்த கோர்ட் க்ளாத் ஃபேர் சந்துக்குப் பக்கத்தில் ஒரு மதுக்கடையில் கூடியது. அதில் யாருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

வரவுப் பக்கத்தில் எழுத வேண்டியது இதுதான். சந்தை என்றால் சரக்கு மட்டுமல்ல. முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒருவரையொருவர் நம்பிப் பணம் கொடுத்து வாங்க ஓர் ஏற்பாடு. கஜக்கோல், கோர்ட், நாள் குறித்த கூட்டம் எல்லாம் அதற்குத்தான்.

ரொம்பப் புனிதப்படுத்திவிட வேண்டாம். இதே மைதானம்தான் லண்டனின் கொலைக்களமும். ஸ்காட்லாந்தின் வில்லியம் வாலஸை இங்கேதான் குதிரையில் கட்டி இழுத்து வந்து கண்டதுண்டமாக்கினார்கள். தேதி, 1305 ஆகஸ்ட் 23. பண்டிகைக்கு முந்தின நாள். அதாவது சந்தையின் முதல் நாள். கூட்டத்துக்குக் குறைவிருந்திருக்காது.

எட்டாம் ஹென்றி காலத்தில் மடங்களையெல்லாம் இழுத்து மூடினார்கள். சர் ரிச்சர்ட் ரிச் என்கிற அரசாங்கப் புள்ளி மடத்தின் நிலத்தை ஆயிரம் பவுண்டு சொச்சத்துக்கு வாங்கிப்போட்டார். கூடவே, சந்தையின் சுங்க உரிமையும் அவர் குடும்பத்துக்குப் போனது. பேருக்கேற்ற மனிதர். தர்ம ஸ்தாபனத்தின் வருமானம் ஒரு தனியார் பாக்கெட்டுக்கும், மிச்சம் மாநகராட்சிக்கும் என்று ஆனது.

துணி வியாபாரமும் மெல்ல இடம் மாறியது. லண்டனில் வருஷம் முழுக்கக் கடை திறந்திருக்கும்போது ஆகஸ்ட்வரை யார் காத்திருப்பார்கள்? சந்தை செத்திருக்க வேண்டிய நேரம் அது. சாகவில்லை. வேஷம் மாற்றிக்கொண்டது. பொம்மலாட்டம், கழைக்கூத்து, இரண்டு தலைக் கன்றுக்குட்டி, வறுத்த பன்றிக்கறி.

1614-ல் பென் ஜான்சன் இந்தச் சந்தையின் பெயரிலேயே ஒரு நாடகம் எழுதினார். அதில் ஒரு நீதிபதி வருகிறார். சந்தையில் நடக்கிற அக்கிரமங்களை நேரில் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று மாறுவேடத்தில் நுழைகிறார். கடைசியில் அடி வாங்கி, தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டு உட்கார்ந்திருக்கிறார். சந்தைக்குக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் முதலில் இந்த நாடகத்தைப் படித்துவிடுவது நல்லது, என்னையும் சேர்த்து.

சாமுவேல் பெப்பிஸின் டயரியைப் பாருங்கள். கடற்படை அலுவலகத்தில் பெரிய உத்தியோகம். கௌரவமான மனுஷன். 1668 செப்டம்பர் 1-ம் தேதி சந்தைக்குப் போகிறார். அங்கே காசு எண்ணுகிற குதிரை ஒன்று வித்தை காட்டுகிறது. "பெண்களை மூலையில் ஒதுக்கிக் கொஞ்சுகிற ஆசை இந்தக் கூட்டத்தில் யாருக்கு ரொம்ப அதிகம்?" என்று குதிரைக்காரன் கேட்கிறான். குதிரை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நேராக பெப்பிஸிடம் வந்து நிற்கிறது. அந்த ஆசாமியின் டயரியைப் படித்தவர்களுக்குத் தெரியும், குதிரை ரொம்பக் கெட்டிக்காரக் குதிரை. அதே சீசனில் ஜேக்கப் ஹால் என்கிறவர் கயிற்றின்மேல் ஆடியதையும் பார்த்து வியந்திருக்கிறார்.

கவனித்தீர்களா? கடற்படை அதிகாரியும் அவர் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் ஒரே கூடாரத்தில் ஒரே வித்தையைப் பார்க்கிற இடம் அன்றைய லண்டனில் வேறு எத்தனை இருந்திருக்கும்?

இரண்டாம் சார்லஸ் காலத்தில் மூன்று நாள் சந்தை இரண்டு வாரமாக நீண்டுவிட்டது. ஒழுக்கம் கெடுகிறது என்று புகார். 1708-ல் மாநகராட்சி மறுபடி மூன்று நாளாக வெட்டியது. நூற்றாண்டு முழுக்க இதே இழுபறிதான்.

இப்போது நேராக 1828-க்கு வாருங்கள். காலண்டர் மாறியதில் சந்தை செப்டம்பருக்கு நகர்ந்திருந்தது. அந்த வருஷம் ஒவ்வொரு கூடாரமும் எவ்வளவு வசூலித்தது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. என்னை மாதிரி ஆளுக்கு இதைவிட விருந்து வேறு வேண்டுமா?

வோம்ப்வெல் மிருகக் காட்சி 1,700 பவுண்டு. ரிச்சர்ட்சன் நாடகக் கொட்டகை 1,200. அட்கின்ஸ் மிருகக் காட்சி 1,000. பன்றி முகப் பெண் 150. குண்டுப் பையனும் குண்டுப் பெண்ணும் 140. வில்லியம் கார்டர் என்கிற கொலைகாரனின் தலை 100. அவனைத் தூக்கில் போட்டு ஒரு மாசம்கூட ஆகியிருக்கவில்லை. நெருப்பு தின்கிறவர், பாவம், 30.

வோம்ப்வெல்லுக்கு டிக்கெட் ஆறு பென்னி. பவுண்டுக்கு 240 பென்னி. அப்படியானால் பவுண்டுக்கு நாற்பது டிக்கெட். 1,700 பவுண்டுக்கு 68,000 டிக்கெட். மூன்றே நாளில், ஒரே கூடாரத்தில். சும்மா எட்டிப் பார்த்துவிட்டு, இஞ்சி ரொட்டி வாங்கித் தின்றுவிட்டுப் போனவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள்.

அதே 1828-ல்தான் ரீஜென்ட்ஸ் பார்க்கில் லண்டன் மிருகக்காட்சிசாலை திறந்தது. ஆனால் அது விலங்கியல் சங்கத்து உறுப்பினர்களுக்கும் அவர்களுக்கு வேண்டியவர்களுக்கும். பொதுமக்களுக்குக் கதவு திறந்தது 1847-ல். இடைப்பட்ட காலத்தில் ஒரு செருப்புத் தைக்கிறவர் தன் பிள்ளைக்குச் சிங்கத்தைக் காட்ட வேண்டும் என்றால் வோம்ப்வெல்தான் கதி.

வோம்ப்வெல் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒரு வருஷம் அவர் வடக்கே நியூகாசிலில் இருந்தார். போட்டிக்காரர் அட்கின்ஸ், சந்தையிலேயே ஒரே மிருகக் காட்சி தன்னுடையதுதான் என்று விளம்பரம் செய்கிற செய்தி காதில் விழுந்தது. பொறுக்கவில்லை. வண்டிகளை இரவு பகலாக ஓட்டி லண்டன் வந்து சேர்ந்தார். வந்த களைப்பில் அவருடைய யானை விழுந்து செத்துவிட்டது. உடனே அட்கின்ஸ் ஒரு போர்டு வைத்தார், சந்தையில் உயிருள்ள ஒரே யானை இங்கேதான் என்று. வோம்ப்வெல் அசருவாரா? அவரும் ஒரு போர்டு வைத்தார். சந்தையில் செத்த ஒரே யானை இங்கேதான்! கூட்டம் அங்கே அம்மியது. உயிருள்ள யானையை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். செத்த யானையைத் தொட்டே பார்க்கலாமே.

சரி, பற்றுப் பக்கம். அதுவும் பொய்யில்லை. பிக்பாக்கெட்காரர்களுக்கு வருஷாந்திர போனஸ் இந்தச் சந்தை. 'லேடி ஹாலந்தின் கும்பல்' என்று ஒரு ரவுடிக் கூட்டம் உண்டு. சந்தை அதிகாரபூர்வமாகத் திறப்பதற்கு முந்தின நள்ளிரவில் இவர்களே ஒரு திறப்பு விழா நடத்துவார்கள். கதவுகளைத் தட்டி, தகரத்தை அடித்து, எதிர்ப்பட்டவர்களை உதைத்து, ஒரு வழி பண்ணிவிடுவார்கள். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி வேறு. அங்கே படுத்திருந்த நோயாளியிடம் சந்தையின் பண்பாட்டுச் சிறப்பு பற்றிப் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் வந்து பார்த்தார். அவருக்கு அது நரகமாகத்தான் பட்டது.

1830-களில் ரிச் குடும்பத்து வாரிசு வைத்திருந்த பழைய உரிமையும் மாநகராட்சியின் கைக்கு வந்திருந்தது. முழுச் சாவியும் இப்போது ஒரே சட்டைப்பையில். ஒழித்துக்கட்டுங்கள் என்று மதப் பிரசாரகர்கள் மனுமேல் மனு போட்டார்கள்.

மாநகராட்சியின் வக்கீல் சார்லஸ் பியர்சன் 1840-ல் யோசனை சொன்னார். தடை என்கிற வார்த்தையே வேண்டாம். ராஜா கொடுத்த எழுநூறு வருஷச் சாசனம், ஜனங்கள் கொந்தளிப்பார்கள். அதற்குப் பதில், பெரிய கூடாரங்களுக்கு இடம் தராதீர்கள். சின்னக் கடைகளுக்கு வாடகையை ஏற்றுங்கள். மேயர் ஊர்வலமாகப் போய்த் திறந்துவைப்பதை நிறுத்துங்கள். அவ்வளவுதான். அது தானாக உதிரும்.

எத்தனை சுத்தமான வேலை, பாருங்கள். ஒரு கல்லெறி இல்லை, ஒரு கைது இல்லை.

பியர்சனை வில்லனாக்கிவிடாதீர்கள். நல்ல மனுஷன். ஆளுங்கட்சிக்கு வேண்டியவர்களாகப் பொறுக்கி ஜூரியில் உட்காரவைப்பதை எதிர்த்துச் சண்டை போட்டவர். கத்தோலிக்கர்கள்தான் லண்டனுக்குத் தீ வைத்தார்கள் என்று நினைவுத் தூணில் செதுக்கிவைத்திருந்த அபாண்டத்தை அழிக்கவைத்தவர். ஏழைத் தொழிலாளி நெரிசலிலிருந்து தப்பி, தள்ளிப்போய் வீடு எடுத்துக்கொண்டு ரயிலில் வேலைக்கு வர வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவர். 1863-ல் ஓடிய உலகின் முதல் பாதாள ரயிலுக்குப் பின்னால் இருந்த முக்கியமான மூளை அவர்தான். அது ஓடுவதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, முந்தின வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். ஏழைகள்மேல் அக்கறையுள்ள ஆள்தான். ஏழைகள் கூத்தடிப்பதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

இங்கேதான் எனக்குக் கணக்கு உதைக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அதே ஸ்மித்ஃபீல்டு மைதானத்தில் இன்னொரு சந்தையும் இருந்தது. மாட்டுச் சந்தை. வருஷத்தில் மூன்று நாள் அல்ல, வாராவாரம். 1840-களில் வருஷத்துக்கு ஏறத்தாழ 2 லட்சம் மாடுகள், 15 லட்சம் ஆடுகள். நகரத்தின் வீதிகளுக்குள்ளேயே ராத்திரியில் ஓட்டி வந்து, ஐந்தாறு ஏக்கர் வெளியில் தடியால் அடித்து அடைப்பார்கள். மிரண்ட மாடு கடைக்குள் புகும். சுற்றிலும் கசாப்புக் கொட்டடிகள், சாக்கடையில் ரத்தம். டிக்கன்ஸ் 'ஆலிவர் ட்விஸ்ட்'டில் அந்தச் சேற்றையும் கூச்சலையும் ஆவியையும் எழுதியிருக்கிறார். எல்லாம் அதே ஆஸ்பத்திரியின் வாசலில்.

சத்தம், குப்பை, கூட்டம், ஆபத்து. பொம்மலாட்டக்காரன்மேல் சொன்ன குற்றம் அத்தனையும் மாட்டுச் சந்தைக்குப் பத்து மடங்கு பொருந்தும். அதை வெளியே தள்ளச் சொல்லி வருஷக்கணக்கில் குரல்கள் எழுந்தன. மாநகராட்சி என்ன செய்தது? கடைசிவரை எதிர்த்து நின்றது. ஏனென்றால் ஒவ்வொரு மாட்டுத் தலைக்கும் சுங்கம். மாட்டு வியாபாரிகள், கசாப்புக்காரர்கள், அவர்களுக்குக் கடன் கொடுத்த வங்கிகள் எல்லோருக்கும் மன்றத்தில் பேச ஆள் இருந்தது. 1852-ல் பார்லிமென்ட் சட்டம் போட்ட பிறகுதான் மாடுகள் இஸ்லிங்டனுக்குப் போயின. புதிய சந்தை திறந்தது 1855-ல்.

வேலைக்காரப் பெண்களுக்கும் எடுபிடிப் பையன்களுக்கும் மன்றத்தில் யார் பேசுவார்கள்? அவர்கள் கொடுத்த ஆறு பென்னி வோம்ப்வெல்லின் கல்லாவுக்குப் போனது. மாநகராட்சிக்கு வந்தது இடத்து வாடகை மட்டும். மாட்டின் பற்றுக்கு எதிரே மாநகராட்சிப் புத்தகத்தில் ஒரு வரவு இருந்தது. கூத்தின் வரவு 68,000 பேரின் ஞாபகத்தில் இருந்தது. அதற்குப் புத்தகமே கிடையாது.

பியர்சன் சொன்னபடியே நடந்தது. முதலில் நாடகக் கொட்டகைகள் போயின. மிருகக் காட்சிகளை மட்டும் கொஞ்ச நாள் விட்டுவைத்தார்கள். வாடகை கட்டாத சின்னக் கடைகள் காணாமல்போயின. 1849-ல் எண்ணிப் பார்த்தால் ஒன்றிரண்டு இஞ்சி ரொட்டிக் கடைகள்தான். 1850-ல் ஆர்ப்பாட்டம் இல்லாமல் மேயர் திறந்துவைக்க வந்தார். திறக்க அங்கே ஒன்றும் இல்லை. திரும்பிப் போய்விட்டார். சாசனத்துக்காகப் பேருக்கு இன்னும் ஐந்து வருஷம் இழுத்தார்கள். 1855 தான் கடைசி. மாடுகள் வெளியேறிய அதே வருஷம்.

பிறகு அந்த வெளியில் பிரம்மாண்டமான இறைச்சி மார்க்கெட்டைக் கட்டினார்கள். 1868-ல் திறப்பு. அதன் அடித்தளத்தில் ரயில் வந்து இறைச்சியை இறக்கிவிட்டுப் போனது.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கொரோனா வந்து போனது. லண்டன் நகர மையத்து ஆபீஸ்காரர்கள் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பழகிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குமேல் தெரு காலி. சாண்ட்விச் கடைக்காரரும் மதுக்கடைக்காரரும் புலம்ப ஆரம்பித்தார்கள். ஜனங்களை எப்படி இந்தப் பக்கம் வரவழைப்பது என்று மாநகராட்சி மண்டையை உடைத்துக்கொண்டது. அதே மாநகராட்சிதான். பியர்சனிடம் யோசனை கேட்ட அதே ஸ்தாபனம்.

2023-ல் ராஹேரின் ஆஸ்பத்திரிக்குத் தொள்ளாயிரம் வயது. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் பாதிவரை, பார்த்தலோமியு சந்தை என்கிற அதே பெயரில், நூற்று அறுபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு தெருத் திருவிழா. வீதிகளில் வித்தைக்காரர்கள், பாட்டு, கூத்து. செயின்ட் பால் தேவாலயத்தின் சுவரில் நடனக்காரர்கள் கயிற்றில் தொங்கியபடி ஆடினார்கள். ஜேக்கப் ஹால் பிழைப்புக்காக ஆடிய இடத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். கீழே நின்று பார்த்தவர்களுக்கு டிக்கெட் கிடையாது. செலவை ஏற்றது மாநகராட்சி.